ஆடி முடியட்டும் என்றேன்

ஒரு மாதம் இலங்கையில் கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிச் சுற்றுவது என்று முடிவு செய்தபோது எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கடையில் வைத்துச் சொல்லித் தொலைத்தேன். அன்று பிடித்தது குழப்பம்.

மில்லர்புரத்தில் எனக்குப் பெயிண்ட் கடை. தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் பெனிஸ்டன், "அண்ணாச்சி, சின்ன வண்டியா எடுங்க. அங்கன மலை ரோடு ஒடுக்கம்" என்றான். பெயிண்ட் வாங்க வந்த சுடலைராஜ், "சின்ன வண்டி ஏத்தத்துல மூச்சு வாங்கும், பெருசா எடுங்க" என்றான். ஒருவன் கண்டியிலேயே வீடு பிடித்துத் தங்கச் சொன்னான். இன்னொருவன் மூன்று நாளுக்கு ஓர் ஊர் மாறச் சொன்னான். வண்டியை வாங்கும்போதே கீறல்களைப் போட்டோ எடுக்க வேண்டுமாம், இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைக்க வேண்டுமாம். வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் "சரி" என்றேன். கடைசியில் எந்தச் சரி எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

என் மனைவி இந்துமதி கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் மூன்று நாளுக்கு மேல் கடையை அடைத்து நாங்கள் எங்கும் போனதில்லை. இந்தப் பயணம் அவள் ஆசை. ஆவணி பத்தாம் தேதி மதுரையிலிருந்து விமானம்.

சர்வதேச பெர்மிட் வாங்க லைசென்ஸைத் தேடி எடுத்தால், அது போன வருட ஆடியிலேயே காலாவதியாகிக் கிடந்தது.

"ஒரு வருசத்துக்குள்ள புதுப்பிச்சிரணும் அண்ணாச்சி. இன்னும் நாலு நாள்தான் இருக்கு, நாளைக்கே வாங்க" என்றான் டிரைவிங் ஸ்கூல் இசக்கியப்பன்.

அன்று ஆடி ஒன்று. எங்கள் வீட்டில் ஆடியில் புதுக் காரியம் எதற்கும் கையெழுத்துப் போடமாட்டோம். தள்ளுபடி மட்டும் போடுவோம்.

"பழைய லைசென்ஸுதான? அதுக்கு எதுக்கு ஆடி பாக்கீங்க?" என்றாள் இந்துமதி.

புதுப்பிப்பது புதுக் காரியமா, பழைய காரியமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. "ஆடி முடியட்டும்" என்றேன்.

ஆவணி முதல் தேதி குளித்து, விபூதி பூசிக்கொண்டு இசக்கியப்பன் முன்னால் போய் நின்றேன்.

"கெடு முடிஞ்சிட்டே அண்ணாச்சி. இனி எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழிச்சு எட்டுப் போட்டுக் காட்டணும்."

"ஏலே, முப்பது வருசமா வண்டி ஓட்டுதேன். நான் எட்டுப் போடணுமா?"

ஆடியைத் திட்ட முடியாது. அதனால் இசக்கியப்பனைத் திட்டிவிட்டு வந்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று சொல்லும்போது இந்துமதியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பீரோவைத் திறந்து தன் லைசென்ஸை எடுத்து வந்தாள். மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக எட்டு வருடத்துக்கு முன் எடுத்தது. நான் வண்டியில் இருந்தால் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நான் விட்டதில்லை.

"எம்பேர்ல பெர்மிட் எடுப்போம். வண்டியை நான் ஓட்டுதேன்."

"ஏளா, மலை ரோடு அது. பிரேக்கு எங்கன பிடிக்கணும்னு உனக்குத் தெரியுமா?"

"இருபத்தாறு வருசமா உங்க பக்கத்துல உக்காந்து, நீங்க பிரேக் பிடிக்காத இடத்துலயெல்லாம் நான்தான் வெறுந்தரையில காலை அமுக்கிக்கிட்டு வாரேன்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.