விசாரிக்கப் போன ஊர்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், ஜாதகம் பொருந்திய மறுநாள் அம்மாக்காரி என்னிடம் வந்து நிற்பாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்கிற வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது, முகூர்த்தத்தன்று முதல் பந்தி உண்டு. இதுவரை பதினோரு இடம் விசாரித்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றுகூட கோர்ட்டுப் படி ஏறவில்லை. என் கணவர் குருபிரசாத் இதை வேலை என்று ஒப்புக்கொள்வதே இல்லை. வம்புக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறாய் என்பார்.

வம்பு பேசுகிறவளுக்கு விதி எதுவும் தேவையில்லை. எனக்கு உண்டு. எதற்காக வந்திருக்கிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் கேட்காமல் எதிர்வீட்டில் கேட்க வேண்டும், அதைவிட இஸ்திரிக்காரரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், குறையே சொல்லாதவர் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாண விஷயம் என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஊரே ஒரே வாயாகப் புகழும். ஒரு சம்பந்தத்தைக் கலைத்த பாவம் தனக்கு எதற்கு என்று எல்லோருக்கும் பயம். நடுவில் சின்னதாக ஒரு குறையைச் சேர்த்துச் சொல்கிறவர்தான் உண்மை பேசுகிறார். சித்திரக்குளத்து முனையில் பூ விற்கிற தங்கம் அந்த ரகம். யாரைப் பற்றி யார் வந்து கேட்டாலும் நல்லதைச் சொல்லிவிட்டு, கையோடு ஒரு குறையையும் சேர்த்துத்தான் அனுப்புவாள்.

இத்தனை தெரிந்த நான்தான் ஏமாந்தேன்.

நாங்கள் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிற வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். மயிலாப்பூரிலேயே இருப்பதென்றால் வாடகைக்கு ஒரு புறாக்கூண்டு கிடைக்கும். கூடுவாஞ்சேரி தாண்டி, வேணுவனம் நகர் என்று நானூறு வீடுகள் உள்ள இடத்தில், கணேசமூர்த்தி என்பவர் தன் வீட்டை விற்கிறார் என்று புரோக்கர் சொன்னார். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, காற்று எப்படி வருகிறது தெரியுமா என்று இரண்டு நாள் அதையே பேசினார். சொந்த வீடு, வாசலில் வேப்பமரம், சமையலறையில் இரண்டு ஜன்னல்.

எனக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. இவர் ராயப்பேட்டையில் ஒரு கல்லூரியில் நூலகர். காலையில் ரயிலேறினால் இரவுதான் திரும்புவார். பெண் வர்ஷினி புனேயில் வேலை பார்க்கிறாள். மயிலாப்பூரில் என் வாசலில் யாராவது வந்து நிற்காமல் ஒரு அரை நாள் கழிந்ததில்லை. அங்கே பகல் முழுக்க நான் யாரிடம் பேசுவேன் என்பதுதான் என் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. இவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"பகல் பூரா இருக்கப் போறது நீதான். நீயே போய்ப் பாத்துண்டு வா. பிடிக்கலேன்னா வேண்டாம், இங்கயே எங்கயாவது ஒண்டிக்கலாம்" என்றார்.

பார்ப்பதாவது? விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மனிதனையே விசாரித்தவளுக்கு ஊர் எம்மாத்திரம். ஒரு செவ்வாய்க்கிழமை மாம்பலத்தில் செங்கல்பட்டு லோக்கல் பிடித்து, கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வேணுவனம் நகர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. தெரு அகலமாக, சுத்தமாக இருந்தது. ஆள் நடமாட்டம்தான் இல்லை. ஒரு கிளிப்பச்சை வீட்டு மாடியில் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முனையில் இஸ்திரி வண்டி நின்றது. வண்டிக்காரர் பெயர் பிரபு. மயிலாப்பூரிலிருந்து வருகிறேன், கணேசமூர்த்தி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மடை திறந்தது. தங்கமான குடும்பம், பன்னிரண்டு வருஷமாக ஒரு சத்தம் வெளியே கேட்டதில்லை, சட்டைக் காலரில் அழுக்கு என்பதே கிடையாது. தண்ணீர் எப்படி என்றேன். தேன் என்றார். மழைக்காலத்தில்? ஒரு சொட்டு நிற்காதாம். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் மகாராணி மாதிரி இருக்கலாம் என்று முடித்தார். மகாராணி என்றதும் எனக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுத்தது.

மளிகைக் கடை காதர் பாயும் அதையேதான் சொன்னார். எதிர்வீட்டில் ஜமீலுன்னிசா என்ற அம்மாள், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், கதவைப் பாதி திறந்து பேசினார். கணவர் அப்துல் கய்யூமுக்குத் தாம்பரத்தில் கண்ணாடிக் கடையாம். அக்கம்பக்கம் எப்படி என்றேன். கூடப்பிறந்தவர்கள் தோற்றார்கள் என்றார். பொழுது எப்படிப் போகும் என்று கேட்டபோது மட்டும் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே, அதெல்லாம் நன்றாகப் போகும் என்றார். என் வீடு எங்கே என்று கேட்டார். சித்திரக்குளத்து முனையில் பூக்காரி தங்கத்தைக் கேட்டால் கொண்டுவந்து விடுவாள் என்று வழக்கம்போல் சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன் என்றும் சொன்னேன்.

ரயிலில் திரும்பும்போது ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை என்பது ஞாபகம் வரத்தான் செய்தது. அதை நானே அழுத்தி உட்கார வைத்தேன். ஆசை வந்துவிட்டால் அப்படித்தான். இவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றேன். நம்பாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் தெருமுனை திரும்பியதுமே பிரபு சிரித்துக்கொண்டே கணேசமூர்த்தி வீட்டைக் கையால் காட்டினார். அங்கே கணேசமூர்த்தியின் மனைவி ஹம்சா வாசலிலேயே நின்றிருந்தார். பட்டுக் கரை போட்ட புடவை, தலையில் பூ. வாங்கோ மாமி, செவ்வாய்க்கிழமையே வந்தேளாமே, உள்ளே வராமல் போய்விட்டேளே என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் கேசரி இருந்தது, பஜ்ஜி இருந்தது. கணேசமூர்த்தி எழுந்து நின்று கும்பிட்டார். வீடு விற்கிறவர்கள் இவ்வளவு உபசாரம் செய்வார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் முப்பது வயசுப் பிள்ளை ஒருவன் வந்து விழுந்து நமஸ்காரம் செய்தான்.

"இவன்தான் அஸ்வின். லீவு போட்டுண்டு இருக்கான்" என்றார் ஹம்சா. மஞ்சள் தடவிய ஒரு காகிதத்தை என் கையில் வைத்தார். "ஜாதகம். நீங்க பொண்ணுக்கு அம்மாவா, இல்ல மத்தவாளுக்காகப் பாக்கறேளா?"

கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், கிடைத்த ஒவ்வொரு பதிலும் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றன. மகாராணி நான் இல்லை, வரப்போகிற மருமகள். தேனும் அவளுக்குத்தான். ஒரு தெருவே சேர்ந்து கல்யாணத்துக்காகச் சொன்ன நல்ல வார்த்தைகளை நான் ஒரு வீட்டுக்காக வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். பதினோரு இடம் விசாரித்தவள் என்று பெருமை வேறு.

உண்மையைச் சொன்னேன். வேறென்ன செய்வது? வீடு வாங்குவதற்காக விசாரித்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்த நூலகர் என் கணவர் என்றேன். அஸ்வின் முதலில் புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். கணேசமூர்த்தி சமாளித்துச் சிரித்தார். ஹம்சா மட்டும் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். நாலு வருஷமா பாக்கறோம் மாமி என்றார், அவ்வளவுதான். ஒரு தாயாரை இப்படி நடு வீட்டில் உட்கார வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எதிர்வீட்டுக் கதவு முழுசாகத் திறந்தது. ஜமீலுன்னிசா கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஜன்னல் வழியாக அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது.

"உக்காருங்க. அன்னிக்கு நான் சொன்னது எல்லாத்தையும் மறந்துடுங்க" என்றார். "கார்த்திகையில இந்தத் தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. கெணத்துத் தண்ணி உப்பு, குடிக்கறதுக்கு லாரிதான். எட்டரைக்கு மேல ஸ்டேஷன்லேந்து ஆட்டோ கிடைக்காது."

அன்றைக்கு ஏன் தேன் என்றீர்கள் என்று கேட்டேன், சொன்னது பிரபு என்பதுகூட மறந்து.

"நல்ல புள்ளைங்க அது. எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க, ஒண்ணும் அமையல. லாரித் தண்ணிய நான் சொல்லி, அதுவும் கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இந்தப் பெண்மணி பொய் சொன்னதற்காகக் கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. பொழுது எப்படிப் போகும் என்று மறுபடி கேட்டேன். அவர் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவராம், இங்கே வந்து நான்கு வருஷம். பகல் பதினொரு மணிக்கு மேல் இந்தத் தெருவில் சத்தம் என்று இருந்தால் அது குக்கர் சத்தம்தான் என்றார். பேச்சுத்துணை ஹம்சா ஒருவர்தான், அவர்களும் கோயம்புத்தூர் போகிறார்கள். அதைச் சொல்லும்போது வாசலைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்து எனக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி ரயிலை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததையும் விட்டுவிட்டு நான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர், லாரி, ஆட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். இவர் தலையாட்டினார். மறுநாளே மந்தைவெளிப் பக்கம் ஒரு புறாக்கூண்டைப் போய்ப் பார்த்தோம். சமையலறையில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பூ வாங்கப் போனபோது தங்கம் என்னைப் பார்த்ததும் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாமா, உனக்கு எதுனா சம்பந்தம் பேசிக்கினு கீறாங்களா? ஒரு பாயம்மா வந்து உன்னப் பத்தி அரை மணி நேரம் விசாரிச்சிக்கினு போச்சு" என்றாள்.

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன கேட்டார் என்றேன். வாடகைக்கு இருந்தவரையில் வீட்டுக்காரரோடு சண்டை உண்டா, அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் திறப்பார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். எதற்காக வந்தார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லையாம்.

"கடசியா ஒண்ணு கேட்டுச்சு. மத்தியானத்துல தூங்குவாங்களா, பேசுவாங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"கதவெல்லாம் தொறக்கும், நல்ல பொம்பளதான்னேன். ஆனா வாய் மட்டும் மூடாது, கேட்டுக்கினு இருந்தா பூ வாடிப் பூடும்னேன். உள்ளதத் தானே சொன்னேன்? அது சிரிச்சுது பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரிக்கும். ரெண்டு மொழம் மல்லி வாங்கிக்கினு போச்சு."

நான் குளத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்காக யார் யாரையோ விசாரித்திருக்கிறேன். என்னைப் பற்றி விசாரிக்க ஒருவர் ரயிலேறி வந்தது இதுதான் முதல் தடவை. என் கல்யாணத்துக்குக்கூட இவர் வீட்டில் யாரும் வந்து கேட்கவில்லை, ஜாதகம் ஒன்றே போதும் என்று இருந்துவிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். புறாக்கூண்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று இவர் கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லிடுங்கோ. கணேசமூர்த்திக்குப் போன் பண்ணுங்கோ" என்றேன். "ஹம்சா மாமிகிட்ட அந்த ஜாதகத்தையும் அனுப்பச் சொல்லுங்கோ. நானே நல்ல இடமா விசாரிக்கறேன்."

தண்ணீர் லாரி என்று இவர் ஆரம்பித்தார். எதிர்வீட்டில் ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.