ஒன்பது ஸ்டாப்பிங் சூப்

"கேஸ் குழாயைத் திற, கையை எடு. ரைட்!"

கதவு நிலையில் இரண்டு தட்டு விழுந்தது. டொக், டொக்.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸின் தகரத்தில் தட்டிப் பழகிய கை அது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கண்டக்டருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ.

அடுப்பின் முன்னால் நின்றவள் பாபின். தையல்காரி. மிஷினில் நூல் சுற்றிய பாபின் உருளை மாதிரி குள்ளமாக, உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பவள் என்பதால் எதிர்வீட்டு பார்லர்காரி வைத்த பெயர். வயது ஐம்பத்தெட்டு. எட்டு மாதமாக அவள் தலைக்குள் நினைவு நூல் அறுந்து அறுந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடியில் இந்த மூன்று பெண்களுக்கும் மூன்று வீடுகள், மூன்று சமையலறைகள். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஓர் அடுப்புதான் எரிந்தது. இன்று இவள் வீடு, நாளை அவள் வீடு. சமைக்காத இரண்டு பேரும் மேடையில் ஏறி உட்கார்ந்து வாயடிப்பார்கள், பிறகு பாத்திரம் கழுவுவார்கள்.

போன மாதம் பாபின் முறை வந்த நாளில், அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். புகை நான்கு மாடிக்கும் ஏறியது. கட்டட செக்ரெட்டரி மேலும் கீழும் குதித்தார். வெளியூரிலிருந்து பாபினின் தம்பி வந்து இறங்கினார்.

"அக்கா பத்திரமா இருக்கணும்ல? ஒரு பராமரிப்பு இல்லத்துல பேசி வச்சுட்டேன்."

நல்ல இல்லம்தான். ஆறு மணி நேரப் பயணம். அங்கே சமையலறைக்குள் யாரையும் விடமாட்டார்கள்.

கண்டக்டர் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரே ஒரு கதவைத் திறந்தாள். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வருவாள். அவள் கண்ணெதிரே பாபின் தனியாக, யார் துணையும் இல்லாமல், ஏதாவது ஒன்றைச் சமைத்துக் காட்ட வேண்டும். தேறினால் இன்னும் ஒரு வருஷம் இந்த வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் கொண்டு வருவார்.

கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

"சூப்" என்றாள் கண்டக்டர். "உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம். ஒன்பது ஸ்டாப்பிங். ஏறுற எடத்துல ஏறணும், எறங்குற எடத்துல எறங்கணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

பாத்திரத்தை ஆணியிலிருந்து எடுப்பது முதல் ஸ்டாப்பிங். தண்ணீர் இரண்டாவது. கேஸ் குழாயை மூடுவது கடைசி. மூடியதும் பாபின் சூப்பை சிங்க்கில் இருக்கும் பெரிய குண்டானில் கொட்ட வேண்டும், பாத்திரத்தைக் கழுவ வேண்டும், துடைத்து ஆணியில் மாட்ட வேண்டும். உடனே நிலையில் இரண்டு தட்டு.

"அடுத்த ட்ரிப்!"

ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப், ஏழு ட்ரிப். பார்லர்காரி தினமும் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

"அடியே கண்டக்டர், என் உடம்புல ரத்தத்துக்குப் பதிலா சூப்புதான்டி ஓடுது. நேத்து பார்லர்ல தும்முனேன், கேரட் வாசனை வருதுன்னு கஸ்டமர் எழுந்து போயிட்டா."

"குடிக்கப் பிடிக்கலைன்னா தலைக்குத் தேச்சுக்கோ. உன் பார்லர் எண்ணெயை விட நல்லது."

பாபின் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் எதற்குச் சிரித்தோம் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்தப் பார்வை வந்தால் பார்லர்காரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எட்டாம் நாள் அதிசயம் நடந்தது. தலை மறந்ததைக் கை பிடித்துக்கொண்டது. தட்டே தேவைப்படவில்லை. ஆணியில் தொடங்கிக் குழாய் மூடும் வரை பாபினின் கை தையல் மிஷின் மாதிரி ஓடியது. முடிந்த பிறகு மட்டும்தான் கண்டக்டர் தட்டினாள். டொக், டொக். பாபின் கொட்டினாள், கழுவினாள், மாட்டினாள், மறுபடி எடுத்தாள்.

"ஜெயிச்சுட்டோம்டி" என்றாள் கண்டக்டர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். சின்ன வயசு, பெரிய ஃபைல், செருப்பை வாசலில் ஒழுங்காக ஒதுக்கி வைக்கிற சுபாவம். சமையலறையை அதிகாலையிலேயே பார்லர்காரி கண்ணாடியாகத் துடைத்து வைத்திருந்தாள். அழுக்குக் குண்டான் பார்வைக்கு நன்றாக இல்லை என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பாக்கலாம். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது" என்றாள் வந்தவள்.

பார்லர்காரி ஹாலில் உட்கார்ந்தாள். கண்டக்டர் சமையலறை வாசலில், நிலையில் சாய்ந்து நின்றாள்.

பாத்திரம் இறங்கியது. தண்ணீர் பிடித்தாகிவிட்டது. கேஸ் குழாய் திறந்தது, நெருப்பு பிடித்தது. பேனா ஃபைலில் ஒரு டிக் அடித்தது. கிழங்கைக் கையில் எடுத்த பாபின் தோல் சீவும் கத்திக்குக் கையை நீட்டினாள்.

கத்தி இல்லை.

துடைக்கிறேன் பேர்வழி என்று பார்லர்காரி அதை இடம் மாற்றி வைத்துவிட்டாள். பாபினின் விரல்கள் மேடையில் தடவின. நின்றன. மறுபடி தடவின. வந்தவளின் பேனா அந்தரத்தில் நின்றது. வலது பக்கம்டி, தட்டு அலமாரியில, உன் மூக்குக்கு நேரா! தொண்டை வரை வந்ததைக் கண்டக்டர் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள்.

பாபின் அலமாரிக்குப் போகவில்லை. காய் நறுக்கும் கத்தியையே எடுத்து, துணியில் தையல் பிரிப்பவள் மாதிரி தோலை நீளமாக, அறுபடாமல் சீவி எடுத்தாள்.

டிக்.

சூப் கொதித்தது. உப்பு விழுந்தது. குழாயை மூடினாள். வந்தவள் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. நான்கூட இப்படி வைக்க மாட்டேன்." பேனாவை மூடி ஃபைலில் செருகினாள். திரும்பிக் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு வருஷம் இருந்தது.

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கை தானாக எழுந்தது. தானாகவே நிலையில் விழுந்தது.

டொக், டொக்.

விழுந்த பிறகுதான் அவள் காதிலேயே அது கேட்டது.

பாபின் பாத்திரத்தைத் தூக்கினாள். குண்டான் இருந்த இடத்தில், சிங்க்கில், சூப் முழுவதையும் கொட்டினாள். உருளைக்கிழங்குத் துண்டுகள் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றன. பாத்திரத்தைக் கழுவினாள், துடைத்தாள், ஆணியில் மாட்டினாள். ஆணியிலிருந்து எடுத்தாள்.

"ஆன்ட்டி?" வந்தவள் எழுந்துவிட்டாள். "இப்பதானே சமைச்சீங்க?"

"நானா?" பாபின் முகம் மலர்ந்தது. "இல்லம்மா, இனிமேதான். நீ எப்ப வந்தே? உக்காரு. சூப் வைக்கிறேன், சாப்பிட்டுட்டுப் போ."

பேனா மூடி திறக்கிற சத்தம் ஹால் வரை கேட்டது.

கண்டக்டர் அவளை வாசல் வரை துரத்திக்கொண்டு போனாள். "ஏம்மா, தப்பு என் மேலம்மா. நான்தான் அப்படிப் பழக்கி வச்சேன். தட்டுனா திரும்ப ஆரம்பிக்கணும்னு. நான் தட்டாம இருந்திருந்தா..."

"தட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்கும். அவ்வளவுதான்." அந்தப் பெண் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி நான் குடிச்சுப் பார்த்ததே அவங்களுக்கு நினைவில்லை. இன்னைக்கு அடுப்பை மூடினாங்க. நாளைக்கு மூடினோமா இல்லையான்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேன். நான் கூடவே இருக்கேன். ராவும் பகலும்."

"நீங்க கூட இருந்துதானே அன்னைக்குப் புகை வந்துச்சு?"

அன்றைக்குக் கண்டக்டர் இதே மாடியில்தான் இருந்தாள். தன் வீட்டில் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க தம்பிக்கு இப்பவே போன்ல சொல்லிடறேன். மன்னிச்சுடுங்க."

சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம். பார்லர்காரி சிங்க் முன்னால் நின்று, அடைத்திருந்த கிழங்கைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நிறுத்தச் சொல்லவா?" என்றாள் கண்டக்டர்.

"விடுடி. எவ்வளவு ஆசையா செய்யறா பாரு."

இரண்டாவது சூப்பை மூவரும் உட்கார்ந்து குடித்தார்கள். கண்டக்டருக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"ஏன்டி இப்படி முழிக்கிறே? உப்பு ஜாஸ்தியா?" என்றாள் பாபின்.

"இல்லடி. சரியா இருக்கு."

"பின்ன என்ன? எனக்கு இன்னிக்கு மனசே லேசா இருக்கு. எதுக்குன்னு தெரியலை." எழுந்து பாத்திரத்தைக் கழுவினாள். தட்டு விழவில்லை, ஆனாலும் ஆணியில் மாட்டினாள், எடுத்தாள், தண்ணீர் பிடித்தாள், அடுப்பில் வைத்தாள். கூடையில் கை விட்டவள் திரும்பினாள். "கிழங்கு தீந்துடுச்சு. யாராவது வாங்கிட்டு வாங்களேன்."

"நான் போறேன்" என்றாள் கண்டக்டர். அந்த வீட்டுக்குள் இனி ஒரு நிமிஷம் நிற்க முடியாது போலிருந்தது. "நீ அவ பக்கத்துலயே இரு" என்று பார்லர்காரியிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

படியில் பாதி இறங்கும்போது ஸ்பானரும் டார்ச்சுமாக ஓர் ஆள் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"டெய்லரம்மா வீடு எதும்மா? கேஸ் லைனைக் கட் பண்ணணும். செக்ரெட்டரி காலைலயே வரச் சொல்லிக் கீழ உக்கார வச்சுட்டாரு. இப்பதான் அந்தம்மா தம்பிகிட்டேருந்து போன் வந்துச்சுன்னு போகச் சொன்னாரு."

காலையிலேயே. பத்து மணிக்கு அந்தப் பெண் வருவதற்கு முன்னாலேயே.

நான்காவது மாடி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் ஏறுவான், திட்டிக்கொண்டே இறங்குவான். ஐந்து நிமிஷம் கிடைக்கும்.

"மூணாவது மாடி. இடது பக்கம் ரெண்டாவது கதவு" என்று சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். "அடுப்புல தண்ணி வச்சிருக்கா. கொதிச்சதும் மூடுங்களேன்."

"எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகணும்மா" என்று அவன் ஏறினான்.

மேலே பாபினின் குரல் கேட்டது. யாரையோ உட்காரச் சொல்லி உபசரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் திரும்பவில்லை. கிழங்கு வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வாங்கத்தான் வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.