ஆறாத பால்

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் சோதனை மேசையில் வேலை பார்த்தவளின் தாய்ப்பால், ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைத்தாலும் குளிராது. அவள் வேலைக்குத் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலையில் இது தெரியவந்தது. மகளுக்கு அப்போது எழுபத்தோரு நாள். பாட்டிலில் குடித்துப் பழகட்டும் என்று முந்தின மாலை எடுத்து வைத்திருந்த பாலை அவள் கணவர் வெளியே எடுத்தார். பக்கத்தில் இருந்த தக்காளி சில்லிட்டிருந்தது. பால் மட்டும் உடம்புச் சூட்டில், கையில் பிடித்தால் பிடித்ததே தெரியாத பதத்தில் இருந்தது. கணவர் தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டிருந்ததால், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவரும் அவருடைய அக்காவும் என்று முடிவாகியிருந்தது. அவர் முதலில் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டார். மெக்கானிக் வந்து, பின்பக்கத்தைக் கழற்றி மாட்டி, உள்ளே இருந்த தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, "பெட்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு பாலுல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு வீடாக வரும் நர்ஸ், குளிராத பாலை நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள் என்றார். இரண்டு நாள் கொட்டினார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்தால்தான் மூன்று விரற்கடை பால் தேறும். அதைத் தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்காமல் இருக்க அவள் மாடிப்படிக்குப் போய் நின்றுகொள்வாள். மூன்றாம் நாள், இந்த உத்தரவு வந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்த அக்கா, விஷயம் தெரியாமல், கொட்டாமல் விட்டுப்போன முந்தாநாள் பாட்டில் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். வீடே அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தது. பிள்ளையோ ஏப்பம் விட்டு, மூன்று மணி நேரம் தூங்கி, நல்ல மனநிலையில் எழுந்தது. நர்ஸ் மறுபடி வந்து மோந்து பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். "எங்க கையேட்டுல இது இல்ல" என்றார். குறிப்பேட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதினார். குறிப்பேடுகளில் பாதி இப்படித்தான் நிரம்புகிறது என்பது என் சந்தேகம்.

அந்தச் சூட்டுக்கு அர்த்தம் இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அக்காதான். இவள் வேலைக்குப் போன இரண்டாம் வாரம், உலைப் பக்கம் உட்கார வைத்த நாளில் பாட்டில் ஒரு மாற்று கூடச் சூடாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் மழையில் நனைந்த நாளில் லேசாகச் சில்லிட்டது. அதற்குப் பிறகு அக்கா நாலரை மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து தொட்டுப் பார்த்து, "பஸ் ஏறிட்டா. உக்கார எடம் கெடச்சிருக்கு" என்று அறிவிப்பார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். இதை அவளிடம் மட்டும் சொல்லவில்லை. "வேவு பாக்கறோம்னு நெனப்பா, வேணாம்" என்று அக்கா தம்பியின் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்.

தொழிற்சாலையில் அவள் வேலை, வெள்ளை விளக்குக்கு முன்னால் ஓடும் பெல்ட்டில் விரிசல் விட்ட பாட்டில்களைப் பொறுக்கி எறிவது. இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம் வருவதாக இருந்தது. மேற்பார்வை செய்த அம்மாளுக்குச் சல்லடை என்று பெயர், அவர் கண்ணில் படாமல் எதுவும் தப்பாது என்பதால். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பதினைந்து நிமிடம் கழிவறைப் பக்கம் போய்ப் பால் எடுத்து வரச் சல்லடை அனுமதித்திருந்தார். பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் அது நின்றது. யாரும் மேசையை விட்டு எழக் கூடாது, லீவு கேட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. முதல் நாளே பால் கட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் இடது மார்பு கல்லாகி, பிள்ளை வாய் வைத்தால் உயிர் போனது. மாலையில் முகம் சிவந்து வந்தவளிடம் அக்கா என்னவென்று கேட்டார். வெயில் என்றாள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், பால் வற்றிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள், பாவம்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குப் பாட்டில் அக்காவின் விரலைச் சுட்டது. மேல்தட்டில் இருந்த ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். தையல்காரர் ஒரு கை மட்டும் தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிய அக்காவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினார். வாசலில் காவலாளி மறித்தார். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் தையல்காரர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

"கொதிக்குதே. டீயா?"

"என் பொண்டாட்டி."

காவலாளி அதை மறு கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே அவள் விளக்குக்கு முன்னால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் விரிசல் விட்ட பாட்டில்கள் வரிசையாக அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா அவளை எழுப்பி, ஒரு பெட்டியைக் கவிழ்த்து, சுவரைப் பார்த்து உட்கார வைத்துப் பிள்ளையைக் கொடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மின்சாரம் இருக்கும்போதே பெல்ட் நின்றது அந்தத் தொழிற்சாலையில் அதுதான் முதல் தடவை. என்ன சங்கதி என்று வந்தவர்களிடம் தையல்காரர் பாட்டிலை நீட்டினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தக் காய்ச்சல் அன்று நாற்பது பேரிடம் கை மாறியது. பிள்ளை குடிக்கக் குடிக்கப் பாட்டில் மெல்ல ஆறிவந்தது. கடைசியாக அது சல்லடையின் கைக்கு வந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எனக்குப் பத்தொம்பதாம் நாள் வத்திப்போச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "இதே மேசைதான்."

பிறகு தானே போய் மாதிரிப் பாட்டில்கள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, ஒரு நாற்காலி போட்டு, சாவியை அவள் மடியில் வைத்தார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பால் எடுப்பதை நிறுத்தவே கூடாது என்றார். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. கட்டு இளக ஒரு வாரம் ஆனது. பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக இருந்தது. அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்த தாய்மார்கள் எல்லோருக்கும் அந்த அறைதான். யாருடைய பாலும் குளிராமல் இருந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் மணி பத்தரை ஆனால் சல்லடை மேசை மேசையாக நடந்து, ஒவ்வொருத்தி நெற்றியிலும் புறங்கை வைத்துப் பார்ப்பார்.

பிள்ளை இரண்டே கால் வயதில் தானாகவே பால் மறந்தது. கடைசியாக ஒரு பாட்டில் மிஞ்சியது. செடிக்கு ஊற்றிவிடலாம் என்றார் நர்ஸ். சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. அது இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. மகள் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பாள். சாயங்காலம் பாட்டிலில் கொஞ்சம் சூடு ஏறினால் அம்மா மாடிப்படி ஏறுகிறாள் என்று அர்த்தம். தட்டும் வரை காத்திருக்காமல், போய்க் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.