ஊதுறது நான்

ட்ரம்பெட்டைக் கையில் வாங்கியதும் முத்துலிங்கம் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட்டன் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இசைக்கருவி விற்பனைக் கண்காட்சி. பூண்டுலோயாவில் பேண்ட் செட் நடத்தும் முத்துலிங்கம் டிரம் அடிப்பார், கல்யாண ஓடர் பிடிப்பார். ட்ரம்பெட் ஊதுவது அவருடைய தங்கை ஜீவராணி. பழைய ட்ரம்பெட் போன மாதம் வலப்பனைக் கல்யாணத்தில் காலை வாரிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்தின் நடுவில் சுரம் கிழிந்தது. பையன்கள் சேவல் மாதிரிக் கூவிக் காட்டினார்கள். அந்த வீடியோ இன்னும் போனில் சுற்றுகிறது.

"அண்ணன், ஊதிப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

"ஊதுறது நான்," என்றாள் ஜீவராணி.

"தங்கச்சியா? அப்ப பாரம் குறைஞ்சதா ஒண்ணு காட்டவா?"

அவள் அண்ணன் கையிலிருந்து ட்ரம்பெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள். ஒன்றை அழுத்தினால் மூச்சு அதற்குரிய வளைகுழாயையும் சுற்றிக்கொண்டு வரும். பாதை நீள்வதால் சுரம் இறங்கும். அழுத்தாதபோது அந்தக் குழாயின் இரண்டு வாயும் இறுக்கமாக அடைபட்டிருக்க வேண்டும். அப்படியே குழாயை உருவினால், உள்ளே காற்றுப் புக வழியில்லாமல், போத்தல் மூடி கழன்றதுபோல் 'டப்' என்று கேட்கும். கேட்காவிட்டால் எங்கோ கசிகிறது. கசிகிற காற்றையும் சேர்த்து ஊதுகிறவர் நெஞ்சுதான் கொடுக்க வேண்டும்.

ஜீவராணி முதல் குழாயை உருவினாள். சத்தமே இல்லை. இரண்டாவதும் அப்படியே.

"இது வேணாம்ண்ணே. வால்வு தேஞ்சு போச்சு. மேலதான் புது முலாம்."

"எண்ணெய் விட்டா சரியாயிரும்," என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பாட்டுக்குத் தாங்கும். அப்புறம்?"

"நீ பேசாம இரு புள்ள," என்றார் முத்துலிங்கம். "கல்யாண வீட்டுக்காரங்க மொதல்ல கண்ணாலதான் பாக்குறாங்க. நீங்க பேக் பண்ணுங்க."

பேண்ட் செட்டின் சட்டை நிறம் அவர் முடிவு. தொப்பி அவர் முடிவு. வீங்குவது மட்டும் அவள் உதடு. கைப்பையிலிருந்து, ட்ரம்பெட்டில் மாட்டி ஊதும் தன் மௌத்பீஸை எடுத்து அண்ணனின் சட்டைப் பையில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழமை கல்யாணத்துல நீங்களே ஊதுங்க. வீடியோல பளபளன்னு வருவீங்க."

"என்ன புள்ள இது, ஆளுங்க முன்னாடி?"

"வலப்பனையில மட்டும் ஆளுங்க முன்னாடி இல்லியா? அவனுங்க கூவுனப்போ நீங்க டிரம்முக்குப் பின்னால குனிஞ்சுகிட்டீங்க. நான் எங்க குனியுறது?"



"தங்கச்சி பொல்லாதவங்கதான்," என்று கடைக்காரர் சிரித்தார்.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க," என்று அவர்மேல் பாய்ந்தார் முத்துலிங்கம். "வேற இருந்தா எடுங்க."

மேசைக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. கறுத்து, வாயோரம் நெளிந்து கிடந்தது. ஜீவராணி குழாய்களை ஒவ்வொன்றாக உருவினாள். டப். டப். டப். அண்ணனிடம் கையை நீட்டினாள், அவர் மௌத்பீஸைக் கொடுத்தார்.

முதல் சுரம் கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. அட்டன் குளிரில் பித்தளை அப்படித்தான். மூச்சுச் சூடு ஏறியதும் சுரமும் ஏறி நிலைக்கும். நிலைத்தது. அதை அவள் விடாமல் பிடித்து நீட்டினாள். எதிர்க்கடையில் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"கறுத்துல்ல கெடக்கு," என்றார் முத்துலிங்கம், தாழ்ந்த குரலில்.

"தேச்சா போகும். தேய்க்கிறது ஒங்க வேலை."

கோபம் ஆறவில்லை. பேரம் பேச அவரை விட்டுவிட்டு, ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.