அருவியின் கால்

விமான நிலையம் என்றால் என்ன என்று கேட்டால், கேப்டன் ஹெங்கி ருமெங்கான் ஓடுபாதையையோ கோபுரத்தையோ சொல்லமாட்டார். கீழே நின்று உள்ளதை உள்ளபடி சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது விமான நிலையம், இல்லாவிட்டால் அது பன்றி மேய்கிற புல்வெளி என்பார். முன்பு ஆறு வருடம் மக்காசார் நகரத்திலிருந்து பெரிய ஜெட் விமானங்களை ஓட்டியவர் அவர். அங்கே கண்ணாடிக் கட்டடமும் விளக்கு வரிசையும் மேகத்தைப் படம் பிடித்துக் காட்டும் கருவியும் இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பாப்புவா மலைகளுக்கு வந்து, இருபத்தைந்து வருடமாக ஒற்றை எஞ்சின் விமானத்தில் அரிசி, ஆணி, வாத்தியார், நோயாளி, சில சமயம் பிணம் என்று ஏற்றி இறக்குகிறார். இங்கே வானத்தைப் பார்த்துச் சொல்ல இருப்பது ஒரே கருவி. மலைக்கிராமத்து ரேடியோவில் பேசுகிற மனிதனின் வாய்.

அன்று காலை அந்த வாய் பொய் சொல்லியிருந்தது.

ஹுலுமே கிராமத்து ரேடியோக்காரன் எலியாப் கோபாக். அவன் மனைவி மெரியானாவுக்கு முந்தின நாள் மாலையிலிருந்து பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடப்பதாக ஊர் நர்ஸ் ஒத்னியேல் கையை விரித்துவிட்டான். விடியும்போது இரத்தம் போகத் தொடங்கியது. வமேனா ஆஸ்பத்திரிக்கு நடந்து போனால் நான்கு நாள், பறந்து போனால் இருபது நிமிடம்.

ஆறு மணிக்கு எலியாப் ரேடியோவில் கூப்பிட்டபோது வமேனாவில் இருந்த ஹெங்கி வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஹுலுமே பள்ளத்தாக்குக்கு மலைகளின் நடுவே ஒரே ஓர் இடுக்குதான் வழி. ஊர்க்காரர்கள் அதை வாசல் என்பார்கள். வாசலை ஒட்டி ஒரு வெள்ளை அருவி விழுகிறது. அருவியின் கால், அதாவது தண்ணீர் பாறையில் வந்து மோதுகிற இடம், கண்ணுக்குத் தெரிந்தால் வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் அன்றைக்கு விமானம் கிடையாது.

"அருவியோட கால் தெரியுதா, எலியாப்?"

"தெரியுது அண்ணே. நல்லாத் தெரியுது."

ஹெங்கி வந்து பார்த்தபோது காலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. வாசலில் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி மேகம். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மலை முகட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியபோது மேகத்தில் ஓர் ஓட்டையும் அதன் அடியில் ஹுலுமே தேவாலயத்தின் தகரக்கூரையும் தெரிந்தன. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு அதற்குள் வளைந்து வளைந்து இறங்கிவிட்டார். இறங்கி முடிப்பதற்குள் தலைக்கு மேலே ஓட்டை மூடிக்கொண்டது. ஓட்டை வழியாக இறங்க முடிந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஏற முடியாது. நாலு பக்கமும் பாறை. இனி வெளியே போக வாசல் ஒன்றுதான்.

ஹுலுமே ஓடுபாதை என்பது மலைச்சரிவில் வெட்டிய ஒரு பச்சைப் பட்டை. விமானம் மேட்டை நோக்கித் தரையிறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். அதன் முக்கால் தூரத்தில் ஒரு சிவப்புப் பீப்பாய் நிற்கும். அதைத் தாண்டிய பிறகு விமானத்தை நிறுத்த முடியாது, பறந்துதான் ஆகவேண்டும்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிய ஹெங்கியைச் சுற்றி ஊரே கூடியது. எலியாப் மட்டும் கிட்ட வரவில்லை. சேற்றில் வெறுங்காலோடு, கையில் சின்ன ரேடியோவைப் பிடித்தபடி தள்ளி நின்றான். ஹெங்கிக்கு அவனைப் பார்த்ததும் கூட வேலை செய்த விமானி பிரிட்ஸின் ஞாபகம் வந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் வேறொரு கிராமத்தில் எவனோ ஒருவன், கடைக்கு உப்பும் மண்ணெண்ணெயும் வரவேண்டும் என்பதற்காக, வானம் வெளுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். பிரிட்ஸ் நம்பிப் போனான். அவன் உடலைத் தேடி எடுக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகுதான் ஹெங்கி தன் கையாலேயே ஒரு விதி எழுதி நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். வானிலையைப் பற்றி ஒரு முறை பொய் சொன்னால் அந்த ஊர் ரேடியோவை எடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் அந்த ஊருக்கு விமானம் வராது.

"இதுக்கு என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியும்ல, எலியாப்."

"தெரியும் அண்ணே." அவன் தலை நிமிரவில்லை. "நெசத்தைச் சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன்."

"அதான் அண்ணே."

ஹெங்கி திட்டுவதற்கு வாயில் நிறைய வைத்திருந்தார். ஆனால் அதற்குள் மெரியானாவைப் போர்வையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது. முனகக்கூட இல்லை.

வழக்கம்போல எல்லாரையும் அவரவர் வலைப்பையோடு தராசில் நிறுத்தினார்கள். ஈரப் புல்லில் விமானம் வேகம் பிடிக்காது, அதனால் எடை குறைவாகத்தான் ஏற்றலாம். மெரியானா, அவள் அம்மா தெரினா, நர்ஸ் ஒத்னியேல். அதோடு கணக்கு முடிந்தது. பெண் பிரசவத்துக்கு வெளியூர் போனால் புருஷனும் கூடப் போவதுதான் அந்த ஊர் வழக்கம். அந்நிய இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் தலைமாட்டில் யார் இருப்பது என்ற பயம் அவர்களுக்கு. எலியாப் தராசைப் பார்த்துவிட்டுத் தன் பையைத் தோளிலிருந்து இறக்கி மனைவியின் தலைக்கு அணையாக வைத்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓடுபாதையிலிருந்து பார்த்தால் வாசலின் மேல்பாதிதான் தெரியும். அருவியின் காலைப் பார்க்கத் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறவேண்டும். பார்த்து ரேடியோவில் சொல்லத் தெரிந்தவன் ஊரில் எலியாப் ஒருவன்தான்.

"நான் போறேன் அண்ணே," என்றான்.

தெரினாவுக்கு அடக்க முடியவில்லை. மகளின் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இவன் வாயை நம்புறதுக்கு என் பன்னியை மேட்டுல கட்டிவெச்சுட்டு அதுகிட்டக் கேக்கலாம்."

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எலியாப் மேட்டை நோக்கி ஓடினான்.

எட்டரைக்கு எல்லாரும் விமானத்துக்குள் தயாராக இருந்தார்கள். மேகம் அசையவில்லை, மழை பிடித்துக்கொண்டது. நோயாளி நனையாமலிருக்க ஊர்ப் பெண்கள் விமானத்தின் கதவுக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாயைக் கையால் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஒருத்தி கை சோர்ந்தால் அடுத்தவள் வந்து வாங்கிக்கொண்டாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெரினா மடியிலிருந்து ஒரு சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து, பாதியைப் பிய்த்து, முன்னிருக்கைக்கு நீட்டினாள். "காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க," என்றாள். மகள் சாகக் கிடக்கும்போது விமானியின் பசி இவள் கண்ணுக்குப் பட்டிருக்கிறதே என்று நினைத்தபடி ஹெங்கி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிழங்கு இன்னும் சூடாக இருந்தது.

அவர் ஜெபம் செய்தார். மேகம் விலக வேண்டும் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. இத்தனை வருடத்தில் அவர் கேட்கக் கற்றுக்கொண்டது வேறு. கர்த்தாவே, நான் ஆசைப்படுவதைப் பார்க்காமல் உள்ளதை என் கண் பார்க்கட்டும் என்பதுதான் அந்த ஜெபம். விமானம் பொய் சொல்லாது. பாரம் அதிகமென்றால் வேகம் காட்டும் முள் ஏறாது, எண்ணெய் குறைந்தால் விளக்கு எரியும். அந்தப் பெட்டிக்குள் பொய் சொல்லக்கூடிய ஒரே பொருள் இடது இருக்கையில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்யால் விழுந்த விமானங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

ஒன்பது இருபதுக்கு வாசலில் வெளிச்சம் வந்தது.

முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. பிறகு மேல்பாதி முழுவதும் வெளுத்து, அப்பால் உள்ள வானம் தெரிந்தது. ஒத்னியேல் மெரியானாவின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தான். "கேப்டன், நாடி ரொம்ப இறங்கிடுச்சு. இன்னும் அரை மணி தாங்குமான்னு தெரியலை," என்றான். ஹெங்கி எஞ்சினை இயக்கினார். தார்ப்பாயைப் பிடித்திருந்த பெண்கள் விலகி ஓடினார்கள்.

"எலியாப், மேல வெளிச்சம் தெரியுது. கால் தெரியுதா?"

ரேடியோவில் மழைச்சத்தமும் ஒருவன் மூச்சு வாங்குவதும் மட்டும் கேட்டன. தெரியுது என்று அவன் சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. காலையில் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவரை வரவழைத்தான். இப்போது இன்னொரு முறை சொன்னால் அவன் மனைவி கிளம்பிவிடுவாள்.

"தெரியலை அண்ணே."

"நல்லாப் பாரு, எலியாப்."

சொன்ன பிறகுதான் தன் குரல் ஹெங்கிக்குக் கேட்டது. தன் விருப்பத்துக்கு ஏற்ற பதிலைத் தரச்சொல்லி அவனிடம் இரந்துகொண்டிருந்தார்.

"பாத்துட்டேன் அண்ணே. மேலதான் வெளுத்திருக்கு, கீழ அடைச்சுக் கெடக்கு. கால் தெரியலை. இடுப்புகூடத் தெரியலை." அவன் அழுதுகொண்டிருந்தான். "போகாதீங்க அண்ணே. அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

ஹெங்கி எஞ்சினை அணைத்தார். சத்தம் அடங்கியதும் தெரினா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். வெளிச்சம் இருக்கிறதே, தெரிகிறதே என்று கையை நீட்டிக் காட்டினாள். மருமகனைப் பெயர் சொல்லிச் சபித்தாள். ஹெங்கி கண்ணாடிக்கு வெளியே அந்த வெள்ளை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பியிருக்கலாமோ என்ற எண்ணம் நிமிடத்துக்கு நிமிடம் அவரைத் தின்றது. ஏழாவது நிமிடத்தில், அவர்கள் கிளம்பியிருந்தால் வாசலுக்குள் இருந்திருக்கக்கூடிய அதே நேரத்தில், அந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக இடிந்து விழுந்தது. மலையும் வானமும் ஒரே கறுப்பாயின. தெரினாவின் கை அவர் தோளிலிருந்து மெல்ல நழுவியது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறில்லை. பெண்கள் தார்ப்பாயோடு திரும்பி வந்தார்கள். ஒத்னியேல் கடைசிப் புட்டி சலைனையும் நரம்பில் ஏற்றிவிட்டான். ஹெங்கி தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த கம்பளியைக் கழற்றி மெரியானாவின் பாதங்களில் சுற்றினார். அவை குளிர்ந்திருந்தன.

பத்து ஐந்துக்கு ரேடியோ கரகரத்தது.

"கால் தெரியுது அண்ணே. கல்லு மேல தண்ணி தெறிக்குது. இப்பப் போங்க."

இந்தத் தடவை ஹெங்கி திருப்பிக் கேட்கவில்லை. ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடிய விமானம் சிவப்புப் பீப்பாயைத் தாண்டிய பிறகுதான் நிலத்தை விட்டது. வாசலுக்குள் நுழையும்போது இடது பக்கம் அருவி முழுதாகத் தெரிந்தது. அதன் அடியில் ஒரு தட்டையான கறுப்புப் பாறையில் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை வமேனா ஆஸ்பத்திரி வராந்தாவில் மருத்துவர் அவரிடம் வந்தார். தாய் பிழைத்துவிட்டாள். ஆண் குழந்தை. உயிர் இல்லை. இன்னும் முக்கால் மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை, என்று தொடங்கிய மருத்துவர் ஹெங்கியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தெரினா ஒரு துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஹெங்கியும் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஹுலுமேக்குச் செய்தி சொல்ல வழியில்லை. மலை முழுக்க இடி இடித்ததால் ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. ஹெங்கி அறைக்குப் போய் விமானக் குறிப்பேட்டைத் திறந்தார். நடந்ததை எழுதியாக வேண்டும். காலை ஆறு மணிக்கு ஹுலுமே தந்த வானிலை பொய் என்று எழுதினார். அதை மறைக்க அவரால் முடியாது. பிரிட்ஸ் அதற்கு விடமாட்டான். அதன் கீழே, ஒன்பது இருபதுக்கு அதே ஆள் தந்த வானிலை உண்மை, விமானி அதைக் கேட்க விரும்பவில்லை, அந்த உண்மையால் நான்கு பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று எழுதினார். கடைசியில், இந்த ரேடியோவை எடுத்தால் என் உரிமத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேடியோ தெளிந்திருந்தது. ஹுலுமே அழைத்தது. ஹெங்கி வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் எலியாப்பே சொன்னான். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"வாசல் மூடியிருக்கு அண்ணே. கால் தெரியலை. இன்னிக்கு வராதீங்க." பிறகுதான் கேட்டான். "அவ இருக்காளா?"

"இருக்கா, தம்பி. காலையில கஞ்சி குடிச்சா. உன்னைத்தான் கேட்டா." ஹெங்கி பொத்தானை அழுத்தியபடியே மூச்சை இழுத்தார். "பையன் தங்கலை."

ரேடியோ வெகுநேரம் வெறுமனே இரைந்தது. மற்ற கிராமத்து ரேடியோக்காரர்கள் எல்லாரும் அதே அலைவரிசையில்தான் காத்திருந்தார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"அண்ணே. மொதல்ல கிளம்பியிருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

மருத்துவர் பாதியில் நிறுத்திய வார்த்தை ஹெங்கியின் நெஞ்சில் அப்படியே இருந்தது.

"மொதல்ல கிளம்பியிருந்தா உன் பொண்டாட்டி, அத்தை, ஒத்னியேல், நான், ஒருத்தரும் இல்ல. வாசல் இடிஞ்சு விழுந்ததை நான் கண்ணால பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "பையனை அடக்கம் பண்ணலை. அப்பா வரட்டும்னு உங்க அத்தை வெச்சிருக்காங்க," என்றார். "நாளைக்குக் காலையில கூப்பிடுறேன். உனக்கு ஒரு சீட் இருக்கு. கால் தெரியுதான்னு பாத்துச் சொல்லு."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தெரிஞ்சாத்தான் சொல்லுவேன், அண்ணே."