வெந்தய வாசனை

எனக்குப் பொறுமை கிடையாது. தமன்ஹூர் ஆஸ்பத்திரியில் இது ஊரறிந்த விஷயம். வார்டில் இருக்கும் ஒரு பச்சைப் பிள்ளையின் ரத்தத்தைக் கெய்ரோவுக்கு அனுப்பியிருந்தேன்; முடிவு சனிக்கிழமைதான் வரும். இன்று வியாழன். அதுவரை ஆய்வுக்கூடத்தில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. குழந்தைகள் வார்டுக்கு இறங்கினேன்.

நான் தேடுவது ஒரு பரம்பரை நோயை. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அது பதுங்கி இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு மட்டும் பாலில் உள்ள புரதத்தை உடைக்க வராது. தேங்கியது மூளையைத் தாக்கும். அப்போது பிள்ளையின் மூத்திரமும் காதழுக்கும் வெந்தயம் போல மணக்கும்.

இங்கேதான் வம்பு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் கஷாயம் கொடுக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? அவள் குடித்தால் பிள்ளையும் மணக்கும். வீணாகப் பல தாய்மார்கள் பயந்து செத்ததைப் பார்த்துவிட்டு நானே ஒரு கட்டுரை எழுதினேன். அதை எல்லா டாக்டர்களும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

"நீங்களே எழுதினதுதானே, டாக்டர் ராவியா?" என்றான் வார்டு டாக்டர் ஹாஸிம். "வாசனைய வச்சுப் பயப்படாதீங்க, அம்மா வெந்தயம் குடிச்சாளான்னு கேளுங்கன்னு. கேட்டேன். மூணு வேளையும் குடிச்சிருக்கா."

"புள்ள பால் இழுக்கலையேப்பா?"

"லேசா மஞ்சக்காமாலை, அதான் தூங்குறான். நாளைக்கு ஏழாம் நாள் விசேஷமாம். எப்ப அனுப்புவீங்கன்னு கேட்டு உயிரை வாங்குறாங்க."

என் கட்டுரையை என் தலையிலேயே போட்டு உடைத்துவிட்டான். உள்ளே போனேன்.

கட்டில் ஓரத்தில் ஸப்ரீன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவளுடைய நாத்தனார் ரிஸ்கா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பெயர் நாளைதான் வைக்கப் போகிறார்கள். அவன் கையைத் தூக்கினேன். துணி மாதிரி விழுந்தது. கால்கள் மட்டும் சைக்கிள் மிதிப்பது போல அசைந்தன. காதைப் பஞ்சால் துடைத்து முகர்ந்தேன். வெந்தயமேதான்.

"கஷாயம் குடிச்சியாம்மா?"

"குடிக்காம?" பதில் ரிஸ்காவிடமிருந்து வந்தது. "என் கையால காய்ச்சிக் கொடுக்குறேன் டாக்டரம்மா. கிண்ணத்துல சொட்டு மிச்சமிருக்காது. எங்க வீட்டுக்கு வந்தவ எவளும் பாலில்லன்னு அழுததில்ல."

ஸப்ரீன் தலையை ஆட்டினாள். என் கட்டுரைப்படி இனிக் கேட்க ஒன்றுமில்லை. சரி, போய் வாருங்கள் என்று சொல்லத்தான் ஸப்ரீனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். அவள் கழுத்தில் சோப்பு வாசனை இருந்தது. வியர்வையும் பாலும் மணந்தன. வெந்தயம் இல்லை. மூன்று வேளை குடிக்கிறவள் வந்தால் மாடிப்படியிலேயே தெரிந்துவிடும்.

"நீ குடிக்கல," என்றேன்.

"என்ன பேச்சு இது!" என்று ரிஸ்கா சீறினாள்.

"குடிச்சேன் டாக்டர்," என்றாள் ஸப்ரீன், நாத்தனாரையே பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கிட்ட பொய் சொல்லாத! குடிச்சிருந்தா கூட்டிட்டுப் போய்க் கொண்டாடு. குடிக்கலைன்னா உன் பாலே இவனுக்கு விஷம். உனக்கு மதினி முக்கியமா, புள்ள முக்கியமா?"

பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவளிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் நாத்தனாரிடமிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"குமட்டுச்சு டாக்டர். மதினி கோவிச்சுக்குவாங்கன்னு... எல்லாத்தையும் கழுவுற தொட்டில ஊத்திட்டேன். ஒரு வாய்கூடக் குடிக்கல."

"ஹாஸிம்!" என்று கத்தினேன். "தாய்ப்பாலை நிறுத்து. குளுக்கோஸ் ஏத்து. கெய்ரோவுக்கு ஆம்புலன்ஸ் சொல்லு!" அவன் மறுபேச்சு இல்லாமல் ஓடினான்.

"நான் குடிக்காததுனாலயா இவனுக்கு இப்படி?" ஸப்ரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீ குடிச்சிருந்தா நானும் நம்பி அனுப்பியிருப்பேன். நீ கொட்டினதுனாலதான் இன்னிக்கே பிடிச்சோம். இவன் பிழைக்க வழி இருக்கு."

பிறகு ரிஸ்காவின் பக்கம் திரும்பினேன். வாரம் முழுக்கக் காய்ச்சியது சாக்கடைக்குப் போயிருக்கிறது. வார்டையே இரண்டாக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் கையிலிருந்த பஞ்சை வாங்கி முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் ரெண்டு புள்ளைங்களும் இப்படித்தான் மணந்துச்சுங்க," என்றாள். "ரெண்டும் தங்கல. வெந்தய வாசனைதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். நான்தான் ஒரு சொட்டு விடாம குடிச்சேனே, டாக்டரம்மா."