பதினான்காம் நாள்

சினைப்பட்ட அல்பாக்கா ஆணைக் கிட்ட அண்ட விடாது. காதைப் பின்னுக்கு மடித்து, அரைத்த புல்லைப் பச்சையாகத் துப்பிவிடும். சினைப்படாதது ஆணைக் கண்டதும் கால்களை மடித்துப் படுத்துவிடும். இது ஜெயமலருக்குக் கணவன் யோகராஜா சொல்லித் தெரிந்ததல்ல. அவருடைய உடுப்பைத் தோய்த்துத் தெரிந்தது.

சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை முடிந்ததும் அவர் நேரே மலைக்குத்தான் போவார். அங்கே சிமோன் என்ற விவசாயப் பெண்ணின் கொட்டிலில் வாடகைக்கு இடமெடுத்து கம்பளி மயிருக்காக ஐந்து அல்பாக்காக்கள் வளர்த்தார். சில நாட்களில் நீல ஜாக்கெட்டெல்லாம் பச்சையாக வந்து வாசலில் நிற்பார்.

"சினைதான். ஓமெண்டிட்டாள், மலர்."

"முதல்ல போய்க் குளியுங்கோ. நாறுது."

அவற்றில் அவருடைய செல்லம் ராசாத்திக்குப் பதினான்கு வயது. இன்னும் ஒரு குட்டிதான் தாங்குவாள் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். ஓகஸ்ட் கடைசியில் சிமோனின் ஆண் அல்பாக்காவான கடாவோடு அவளைச் சேர்த்துவிட்டு வந்து, "பதினாலாம் நாள் கடாவைக் காட்டிப் பாக்கோணும்" என்றார். "படுத்தாளெண்டால் உடன திருப்பி விடலாம். செப்டம்பர் தாண்டினால் சரிவராது, சுமக்கிறது பதினொண்டரை மாசம், குட்டி குளிருக்குள்ள விழும்."

ஆறாம் நாள் தொழிற்சாலை வாசலில் அவருடைய இதயம் நின்றுபோனது.

ராசாத்தியைச் சேர்த்த பதினான்காம் நாள் காலையில் சிமோன் தொலைபேசியில் அழைத்தாள். கடாவைப் பிடித்து வைத்திருக்கிறேன், நீ வராவிட்டாலும் நானே காட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று ஜெயமலர் சொல்லிவிட்டாள். வீட்டில் சாவுத் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமுன் கருவைப் பற்றிய காரியத்தில் கை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மகள் ஹரிஷா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அல்பாக்காவுக்கும் துடக்கோ, அம்மா? அப்பா இருந்தால் சிரிச்சிருப்பார்."

"அப்பா இருந்தால் ஏன் பிள்ளை துடக்கு?"



அந்தியேட்டி முடிந்த மறுநாள், ஒக்டோபர் தொடக்கத்தில், ஜெயமலர் மலைக்குப் போனாள். கணவரின் நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். சிமோன் கடாவைக் கயிற்றில் கொண்டுவர, அதன் தலைக்குப் பக்கத்தில், துப்பினால் தன் மேலும் படுகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

ராசாத்தி கடாவைப் பார்த்தாள். காது நிமிர்ந்தபடியே இருந்தது. பிறகு முன்னங்கால்களை மடித்தாள், பின்னங்கால்களை மடித்தாள், வைக்கோலில் அமைதியாகப் படுத்தாள்.

சிமோன் கயிற்றை இழுத்துக் கடாவை வெளியே கொண்டுபோனாள். செப்டம்பர் தாண்டிவிட்டதால் இந்த வருடம் இனிச் சேர்க்க முடியாது. அடுத்த வசந்தத்தில் ராசாத்திக்கு இன்னும் ஒரு வயது கூடிவிடும்.

மிருக வைத்தியர் வந்து ஸ்கேன் வைத்தும் பார்த்தார். ஒன்றுமில்லை.

"தொடக்கத்திலேயே சினை பிடிக்கவில்லையா?" என்று ஜெயமலர் அவரிடம் கேட்டாள்.

"பிடிக்காமல் இருந்திருக்கலாம். பிடித்து இடையில் கலைந்தும் இருக்கலாம். இரண்டாம் வாரத்தில் கடாவைக் காட்டியிருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். இப்போது சொல்ல வழியில்லை."

பிடிக்காதிருந்தால், அன்றே திருப்பி விட்டிருக்கலாம். பிடித்திருந்தால், கணவர் போன நாளில் ராசாத்தி வயிற்றில் ஒன்று இருந்தது. இரண்டில் எது என்று இனி யாரைக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் ஹரிஷா கையை நீட்டினாள். "ஜாக்கெட்டைத் தாங்கோ அம்மா, மெஷினுக்குள்ள போடுறன்."

ஜெயமலர் அதைக் கழற்றி முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தோய்க்கத் தேவையில்லை, பிள்ளை. ஒண்டும் படேல்லை."